மூழ்கிய கிறிஸ்துமஸ் மரங்கள்

வெயில் தணிந்து ஏரி குளிரத் தொடங்கினால் கிராப்பி மீன்கள் மூழ்கிய மரங்களைத் தேடி வரும். அதற்காகவே என் கணவர் ஆர்வில் பழைய கிறிஸ்துமஸ் மரங்களைக் கல் கட்டி ஏரியில் இறக்கி வைப்பார். எந்த இடத்தில் என்று சாகும்வரை என்னிடம் சொன்னதில்லை. போன மார்ச்சில் அவரை அடக்கம் செய்தோம்.

இன்று பக்கத்து வீட்டு டுவைன் வாளி நிறைய மீனோடு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நேத்து ஆர்வில்தான் படகுல கூட்டிட்டுப் போய் இடத்தக் காட்டுனாருக்கா."

"இத்தன வருஷம் அவரு மீனச் சோளமாவுல பெரட்டிப் பொரிச்சுப் போட்டவ நானு. ஒனக்குக் காட்டுனாரா?"

அவர் போனதிலிருந்து திறக்காத படகுக் கொட்டகையின் பூட்டைத் திறந்தேன். தார்ப்பாய்க்கு அடியில் அவர் படகு ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூண்டிலோடு ஏறி முன்பலகையில் உட்கார்ந்துகொண்டேன். இன்றைக்கு என்னை விட்டுவிட்டு எப்படிப் போகிறார் என்று பார்க்கிறேன்.