கண் திறந்தவன்

மேசையில் போர் விளையாடுவதற்காக, சுண்டுவிரல் உயரமுள்ள பொம்மைச் சிப்பாய்களுக்கு ஆறு மாதமாக வண்ணம் தீட்டியிருந்தேன். ஒருபுறம் கும்பினிப் படை, மறுபுறம் பாளையக்காரர் படை. ஆட வந்த நண்பர் பீர்முகமது பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார்.

“வெள்ளைக்காரன் அத்தன பேருக்கும் கண்ணு வச்சிருக்க. நம்ம ஆளு ஒருத்தனுக்கும் இல்லியே, மாப்ள?”

“இவங்க கூட்டம் ஜாஸ்தி மாமா. எட்ட நின்னு பாத்தா தெரியாது.”

வெள்ளையரின் சட்டைப் பொத்தானுக்குக்கூட ஒற்றைமயிர்த் தூரிகை பிடித்தவன் நான். பாளையத்தாரைக் கொத்தாக அள்ளிப் பழுப்புச் சாயத்தில் முக்கி எடுத்திருந்தேன்.

அவர் போனதும் ஒரு வேல்காரனுக்கு மட்டும் கண் திறந்தேன். அவன் என்னையே பார்த்தான். தாங்காமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். முதுகில், ஈரச் சாயத்தோடு அவனைத் தூக்கிய என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.