ஆவண அறைக் கதவு

ஃப்ரீமேசன் ரகசியச் சபையின் நூற்றாண்டு விழா தொடங்கப்போகிறது. சபை வரலாற்றை மேடையில் வாசிக்க வேண்டியவர் ஆவண அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ரகசியச் சொல்?" என்றான் கதவின் மறுபுறம் நின்ற காவலன். அவன் அவருடைய மச்சினன்தான்.

"அதான் சொன்னேனே. என் குரல்கூடவா தெரியலை?"

"குரல் தெரியுது அத்தான். அந்தச் சொல்லை மாத்தியாச்சு. சபையில உறவெல்லாம் பார்க்கக் கூடாதுன்னு விதி எழுதினதே நீங்கதானே?"

"புதுசைச் சொல்லித் தொலையேன்."

"காலைக் கூட்டத்துல எல்லார் காதுலயும் சொன்னாங்க. நீங்க ஏன் வரலை?"

அவர் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம் நான் உள்ளே பழைய குறிப்புகளைப் படிச்சுக்கிட்டிருந்தப்போ, வெளியே பூட்டிட்டுப் போனது நீதானேடா? விதின்னு சொல்லி என் செல்போனையும் வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டே."

 மறுபுறம் சாவிக்கொத்து குலுங்கியது.

"ராத்திரி பூரா அக்கா உங்களைத் தேடலையா அத்தான்?"

"எப்படித் தேடுவா? சபை வேலையா போனா எங்கேன்னு கேட்கவே கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கி வச்சிருக்கேனே."