மாப்பிள்ளையின் முன்பல்

உலகப் போட்டியில் அமெரிக்கப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஆடும் என் மகள் தாரிணியை, டாலஸ் ஹோட்டல் லாபியில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மறுநாள் ஃபைனல் என்பதால் கோச் அரை மணி நேரம்தான் வெளியே விட்டிருந்தார்.

அவள் வாய்க்குப் பயந்து ஏற்கெனவே மூன்று வரன்கள் ஓடிவிட்டன. ரெஃப்ரியிடமே சண்டை போடுகிறவள், மாப்பிள்ளையைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டாள்.

"எவ்வளவு அடக்கம் பாருங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எல்லாம் வளர்ப்புங்க" என்றேன், கூச்சமே இல்லாமல். என் மனைவி வசந்தாமணி என் காலை மிதித்தாள்.

மாப்பிள்ளை கதிரும் வாயைத் திறக்கவே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"தம்பி பேசுவாருங்களா?"

"நல்லாப் பேசுவான் அண்ணா. போன வாரம் இவன் கிளப்புக்கும் உங்க பொண்ணு டீமுக்கும் பிராக்டீஸ் மேட்ச். எவளோ ஒருத்தி ஸ்டிக்கால முன்பல் ரெண்டையும் தட்டிட்டா. கேட்டா பேர் சொல்ல மாட்டேங்கறான். அது யாருன்னு நீயாவது சொல்லும்மா, தாரிணி. அவளை நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

"சாரி ஆன்ட்டி" என்றாள் தாரிணி, தரையைப் பார்த்தபடி.

நாலாவது வரனும் போயிற்று என்று நான் கார் சாவியைத் தேடினேன்.

கதிர் முதல்முறையாகப் பொக்கை வாயைத் திறந்தான்.

"தப்பு என்னோடதும்மா. ஆட்டத்தைப் பாக்காம இவங்களையே பாத்துட்டு நின்னேன். வேற எதுக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்னு உன்னை இழுத்துட்டு வந்தேன்?"