ஓவியாவின் முதல் குடுமி

மேடவாக்கத்தில் மூன்றாம் மாடி பால்கனிக்கு வெயில் அப்போதுதான் ஏறி வருகிறது. கீழே தண்ணீர் லாரி உறுமிக்கொண்டே பின்னால் நகர்கிறது. இரண்டு வயது ஓவியா அம்மா கீதாவின் மடியில் உட்கார்ந்து, மாத்திரை கரைத்த ஸ்பூனைச் சப்புகிறாள். பயோட்டினிடேஸ் என்ற நொதி இவளுக்குப் பிறவியிலேயே இல்லை. அது இல்லாமல் சாப்பாட்டிலுள்ள பயோட்டின் விட்டமின் உடம்பில் சேராது, முடி கொட்டிவிடும். வழுக்கைத் தலையைப் பார்த்து லிஃப்டில் எல்லோரும், "எந்தக் கோயில்ல மொட்டை?" என்றுதான் கேட்டார்கள். பயோட்டினையே நேராகத் தரும் இந்த மாத்திரையை ஏழு மாதம் கொடுத்த பிறகு இன்று உச்சியில் ஒரு பிடி முடி. கீதா மூச்சைப் பிடித்துக்கொண்டு ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக் கையை எடுக்கிறாள். குட்டிக் குடுமி நழுவாமல் நிற்கிறது. பார்த்துக்கொண்டிருந்த கணவன் மோகன்ராஜ் தொண்டையைச் செருமுகிறான். "கீதா, ஒண்ணு சொல்லணும். பாப்பாவுக்கு முடி வளந்துட்டா திருத்தணியில மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டேன்." கீழே குழாய் திறந்து தண்ணீர் சளசளவென்று கொட்டுகிறது. கீதா குடுமியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கென்ன, போட்டுடலாம். உங்க முடி நல்லா அடர்த்தியாத்தானே இருக்கு." மோகன்ராஜின் கை தன் தலையைத் தடவிப் பார்க்கிறது. அதைப் பார்த்து ஓவியாவும் ஸ்பூனைப் போட்டுவிட்டுத் தன் குடுமியைத் தடவுகிறாள்.