ஏழாம் பகுதியில் அழுதது யார்?

அவர் துணி அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தார்.

தலைக்கு மேல் மனைவியின் பட்டுப் புடவைகள். மடியில் மைக். காதில் ஹெட்போன், அதில் மழைச் சத்தம். மழை இல்லாமல் அவருக்குப் பேய் வராது.

தொங்கும் துணி எதிரொலியை உறிஞ்சிவிடும் என்று யூடியூபில் ஒருவர் சொல்லியிருந்தார். பருத்தியைவிடப் பட்டு உசத்தியாம்.

ஒரு காலத்தில் அவருடைய பேய் நாவல்கள் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கின.

இப்போது ஆடியோ ஆப்பில் தொடர். வாட்ஸப் உரையாடல் வடிவில் ஒரு குறுநாவல். அதில் பேய் டைப் செய்துகொண்டே இருக்கும், அனுப்பாது. போதாததற்கு ரீல்ஸ். முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, "பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள்" என்பார். "ஃபாலோ பண்ண மறக்காதீர்கள்" என்பார். இரண்டும் ஒரே குரலில்.

யாரும் பயப்படவில்லை. சிரிப்புப் பொம்மைகள் வந்தன.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒலிப்பதிவு. அந்த நேரத்தில் வீட்டில் மிக்சி கூடாது, டிவி கூடாது, ஃபேன் கூடாது. மனைவி செண்பகவல்லி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். அலமாரியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை.

"ஆரம்பிக்கிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொள்வார்.

இன்றும் சாத்திக்கொண்டார். பன்னிரண்டாம் பகுதியின் முதல் வரிக்கு வாயைத் திறந்தார்.

போன் அதிர்ந்தது.

தர்ஷிகா. ஆப் கம்பெனியில் அவருடைய தொடரைக் கவனிக்கிற பெண். கேட்பவர்கள் பாதியிலேயே ஓடிவிடுகிறார்கள், தொடரை நிறுத்த வேண்டியிருக்கும் என்று போன வாரம் மிக மரியாதையாகச் சொன்னவள்.

"சார், பிச்சிட்டீங்க!"

"எதம்மா?"

"ஏழாவது எபிசோட் சார். நீங்க 'கதவு திறந்தது'ன்னு சொன்னதும் பின்னாடி ஒரு லேடி அழறாங்கல்ல? எல்லாரும் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்குறாங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் ஹெட்போனைக் கழட்டி வீசிட்டான். எங்க சார் புடிச்சீங்க அந்த ஆர்ட்டிஸ்ட்டை?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"சரி, தொழில் ரகசியம், சொல்ல வேணாம். ஆனா இனிமே எல்லா எபிசோட்லயும் அது வேணும் சார். இருந்தா சீசன் டூ கன்ஃபர்ம். இல்லன்னா... உங்களுக்கே தெரியும்."

தெரியும்.

தன் தொடரை அவர் கேட்டதே இல்லை. பதிந்து அனுப்புவதோடு சரி. மழையை நிறுத்திவிட்டு ஏழாம் பகுதியைப் போட்டார்.

கதவு திறந்தது, என்றது அவர் குரல்.

அதற்குப் பின்னால், எங்கோ தள்ளி, யாரோ வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

நல்ல அழுகை. எத்தனையோ பெண்களைக் கிணற்றடியிலும் பாழடைந்த பங்களாவிலும் அழவைத்தவர் அவர். இப்படி ஒன்று அவருக்கு எழுத வந்ததில்லை.

பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கும். பூனையாகக்கூட இருக்கலாம்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மிக மெல்ல, "முருகா."

அவருடைய பேய்கள் எதுவும் முருகனைக் கூப்பிடாது. தொழில் கட்டுப்பாடு.

எட்டாம் பகுதியைப் போட்டார். அதிலும் இருந்தது. ஒன்பதிலும் இருந்தது, ஆப் கம்பெனிக்காரர்கள் ஏற்றி வைத்த வயலினுக்கு அடியில்.

யோசித்துப் பார்த்தார். வீட்டில் யாரும் சாகவில்லை. சண்டை இல்லை. இன்றைக்குச் சாம்பாரில் உப்புகூடச் சரியாகத்தான் இருந்தது.

கதவைத் தள்ளி, புடவைகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

சமையலறையில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை. முந்தானையை உருண்டையாகச் சுருட்டிக் கையில் தயாராக வைத்திருந்தாள்.

அவரைப் பார்த்ததும் உதறி விட்டாள்.

"என்னங்க, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"இன்னும் ஆரம்பிக்கல. போன் வந்துச்சு."

அவருடைய கதாநாயகர்கள் இருட்டில் எது அசைந்தாலும் 'யாரது?' என்று கேட்டுவிடுவார்கள். அத்தனை பேரும் முட்டாள்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

"செண்பகம்."

"ம்?"

"நான் படிக்கிறது இங்க கேக்குதா?"

"ஏதோ முணுமுணுன்னு கேக்கும். என்னன்னு தெரியாது." அவரைப் பார்க்காமல் மேடையைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த மேடை. "உங்களுக்கு இங்கிருந்து ஒண்ணும் கேக்காதுல்ல? அதான் காதுல மாட்டிக்கிறீங்களே."

"ஒண்ணும் கேக்காது."

"அப்ப சரி. போங்க, போய்ப் படிங்க."

அவர் திரும்பினார்.

"ஏங்க."

நின்றார்.

"இன்னைக்குக் கொஞ்சம் நீளமாப் படிங்களேன்."

அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போனில் தர்ஷிகாவின் செய்தி காத்திருந்தது. சார், அழுகையை மறந்துடாதீங்க. பக்கத்தில் ஒரு குட்டிப் பேய், நாக்கை நீட்டிக்கொண்டு.

"ஆரம்பிக்கிறேன்" என்று குரல் கொடுத்தார்.

மைக்கின் ஒயரைப் பிடுங்கினார். ஹெட்போனை மாட்டிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாம் பகுதியை முழுக்கப் படித்தார். வழக்கத்தைவிடச் சத்தமாக, ஒரு வரி விடாமல்.

முடிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் முடியவில்லை.

பதிமூன்றாம் பகுதியை அவர் இன்னும் எழுதவில்லை.

அதையும் படித்தார்.