கல்லுக்குள் ஓடிய கோடு

அப்துல் அலீம் மோதிரத்தை லென்ஸுக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரே பிரிஜட் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூர் தேக்காவில் வெகுகாலமாகக் கல் வியாபாரம் செய்யும் அலீமுக்கு இந்த முகம் பழக்கம்தான். போலி என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

"கவலைய விடுங்கக்கா. அசல் மாணிக்கம்."

பிரிஜட்டின் முகம் தெளியவில்லை. "இன்னொரு தடவ நல்லாப் பாருங்க பாய். கண்ணாடியாத்தான் இருக்கும். உள்ளே ஒரு கோடு ஓடுதே?"

அலீம் சிரித்துவிட்டார். "எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க லா. மண்ணுக்குள்ள கல் விளையும்போதே விழுற கோடு அது, அக்கா. கண்ணாடியில இப்படி வராது. அத வச்சுத்தான் அசல்னு அடிச்சுச் சொல்றேன்."

"அப்ப யாரும் கல்ல மாத்தலையா?"

"மாத்தவே இல்ல. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

அவர் நீட்டிய மோதிரத்தை பிரிஜட் வாங்கவில்லை.

"அந்தக் கோட்டப் பாத்துட்டுத்தான் பாய் என் மகன் வேய்னைத் திருடன்னு சொன்னேன். கல்ல வித்துட்டுக் கண்ணாடியப் பதிச்சு வச்சிட்டான்னு வீட்ட விட்டே துரத்தினேன். ஒரு கடையில காட்டிப் பாருங்கம்மான்னு அழுதான். நான் கேக்கல."

"அதுக்கென்னக்கா, இப்பவே போன் போட்டுக் கூப்பிடுங்க."

"காலையிலதான் சர்ச்சுல அவனோட முதல் வருஷ நினைவுப் பூசை முடிஞ்சுது."

அலீமின் கை நீட்டியபடியே நின்றது.

"போலின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பாய்," என்றார் பிரிஜட். "நான் வீட்டுக்குப் போகணும்."