காத்துல அடிக்காதீங்க

அன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு பேர் இருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மூவர்: மூச்சு மிஷினில் காரமடை பழனாத்தாள், அடுத்த கட்டிலில் இன்னொரு மிஷினில் மில் தொழிலாளி தம்பிதுரை, நர்ஸ் சாஜிதா பேகம். வெளியே மூவர்: பழனாத்தாளின் கணவர் அப்புசாமி, தம்பிதுரையின் மனைவி வெங்கடம்மாள், அவள் அண்ணன் கண்ணையா.

வருடம் 1997. லாரி ஸ்டிரைக். கோயமுத்தூர் கடைகளில் இன்ஹேலர் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமைதான் சரக்கு வரும் என்றார்கள். துடியலூர், அவிநாசி வரை கண்ணையா அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தான்.

அப்புசாமியிடம் ஒன்று இருந்தது. ஒரு டப்பாவில் இருநூறு தடவை அழுத்தலாம். வியாழன் காலை பத்து மணிக்குத் தொடங்கியது, நான்கு மணி நேரத்துக்கு ஒரு வேளை.

"ஒரு வேளை தப்பினாலும் மூச்சுக்குழாய் இறுகிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை மதியம். சாஜிதா டப்பாவைக் குலுக்கி, மருந்து வருகிறதா என்று பார்க்கக் காற்றில் அழுத்தப் போனார். அப்புசாமி கண்ணாடியைத் தட்டினார்.

"ஏனுங்க சிஸ்டர், காத்துல அடிக்காதீங்க. ஒண்ணு வீணாப் போயிருமுங்க."

"சரிங்கய்யா."

சாஜிதா திரையை இழுத்துவிட்டார். டப்பாவைக் குழாயில் செருகி, மிஷின் மூச்சைத் தள்ளும் நேரம் பார்த்து அழுத்த வேண்டும். சற்றுப் பொறுத்து அடுத்தது.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். "எட்டு ஆச்சுங்கய்யா."

அப்புசாமி காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டார்.

கண்ணையாவுக்குப் பொறுக்கவில்லை. "பாரு அம்மணி, பொண்டாட்டி மூச்சுக்கு அல்லாடறா. பெருசு மருந்தை எண்ணிக்கிட்டு நிக்குது. மிச்சம் புடிச்சு ஊட்டுக்குக் கொண்டு போவாராட்ட இருக்குது."

"மெதுவாப் பேசுண்ணா, காதுல உழுகப் போகுது. நமக்கு சிஸ்டரே மருந்து போட்டுடறாங்க. ஆஸ்பத்திரியில இருக்குதாட்ட. அவருக்கு அது ஒண்ணுதானே, பாவம்."

காதில் விழுந்துவிட்டது. அப்புசாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணையா நேராகவே கேட்டான். "ஏனுங்க பெரியவரே, எண்ணி எண்ணி எத்தனை மிச்சம் புடிச்சீங்க?"

"நாளைக்குக் காலம்பற வரைக்கும் ஆவுமுங்க." அவ்வளவுதான் சொன்னார்.

திங்கள் காலை ஒன்பதரை. கண்ணையா இரண்டு புது டப்பாக்களோடு ஓடி வந்தான். ஒன்றை அப்புசாமி கையில் வைத்தான்.

"இந்தாங்க. இனியாச்சும் எண்ணாம இருங்க." இன்னொன்றை சாஜிதாவிடம் நீட்டினான். "இத்தனை நாளா ஆஸ்பத்திரி மருந்தைப் போட்டீங்க. அதுக்கும் இதுலயே கழிச்சுக்கோங்க சிஸ்டர்."

"ஆஸ்பத்திரியில ஏதுங்க மருந்து? வியாழக்கிழமையிலிருந்து ஐயாவோட அந்த ஒரு டப்பாதானுங்க. ஒவ்வொரு வேளையும் அம்மாவுக்கு நாலு, உங்க மச்சானுக்கு நாலு. சொல்ல வேண்டாம்னு ஐயாதான் சொன்னாருங்க."

வெங்கடம்மாள் கைகூப்பினாள்.

அப்புசாமி கூச்சத்தோடு காலண்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருவத்தி நாலு வேளைக்கு நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு ஆச்சுங்க. மீதி எட்டு."